பூச்சியம் தசம் மூன்று

கார் வரும் என்றுதான் கப்பல்துறையில் சொன்னார்கள்.
வந்தது பெட்டி.
நூற்றுப் பன்னிரண்டு பைன் மரப் பெட்டிகள்,
கொழும்பிலிருந்து இரவிரவாக லொறியில்.
கையெட்டும் தூரத்தில் இவ்வளவு ஆழமான துறைமுகம்;
அந்தக் கப்பலுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

நான் எண்ணுகிறவள்.
களஞ்சியம், இரண்டாம் வாசல், யோகமலர்.
பெட்டி உடைத்து, பட்டியல் பார்த்து,
ஆணி ஆணியாக அடையாளமிடுவேன்.

முதல் மாதம் ஒரு கார்கூட வெளியே போகவில்லை.
பெட்டிப் பலகைகள் போயின.
பாலையூற்றில் ஒரு கடைக்குத் தட்டாயின,
எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு முட்டாயின.
'இப்பக்கம் மேலே' என்ற அம்புக்குறி
தலைகீழாகக் கிடக்க
அதன்மேல் இருந்து முட்டையிட்டது
வாயில் காவலாளியின் கோழி.

உருவாக்குவது என்றால் உருக்குவது என்று
நினைத்திருந்தேன்.
நெருப்பு, சம்மட்டி, வியர்த்த முதுகுகள்.
இங்கே பூட்டுகிறார்கள்.
எண் பார்த்துப் பூட்டு, முறுக்கு,
பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தவனிடம் தள்ளு.

அமைச்சுப் படிவத்தில் ஒரு கட்டம்:
உள்நாட்டுப் பெறுமதி, வீதம்.
டயர் எங்களுடையது. பற்றரியும்.
சீற் தைத்தது கந்தளாய்ப் பெண்கள்.
பெயின்ற் எங்களுடையதல்ல,
அடித்த கை எங்களுடையது;
அதைப் பாதியென்று போடலாமா என்று
கணக்காளர் சமிந்த சிங்களத்தில் கேட்டார்.
யாருக்கும் எந்த மொழியிலும் தெரியவில்லை.
கூட்டினால் இருபத்தொன்பது தசம் எட்டு.
வேண்டியது முப்பது.

அந்தக் கிழமைதான்
எழுபத்தோராம் பெட்டியில் ஒரு பொட்டலம் குறைந்தது.
எட்டுப் புஷ், விரல் மோதிரமளவு.
மாற்று வர ஏழு கிழமை.
அதுவரை பதினாறு கார்கள்
காலில்லாமல் நின்றன வரிசையாக.

பெயின்ற் பகுதி நஸ்மியா சொன்னாள்:
'கிண்ணியாவில எங்கட மச்சானுக்கு லேத் இரிக்கி.'

பக்கத்துக் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி
கைக்குட்டையில் முடிந்துகொண்டு
அவளுடைய ஸ்கூட்டியில் பாலம் கடந்தோம்.
வள்ளத்து எஞ்சின்கள் வயிறு திறந்து கிடந்த பட்டறை.
முனவ்வர் அதை உருட்டினார்,
வெளிச்சத்தில் பிடித்தார்,
கடைசியில் நகத்தால் கீறிப் பார்த்தார்.
'இது உப்புத் தண்ணியில ரெண்டு மாசம் தாங்காது.'
'றோட்டில ஓடுறது அண்ணன்.'
'இங்க றோட்டிலயும் உப்புத்தானே.'

பழைய வெண்கலத் தண்டொன்றிலிருந்து
எட்டையும் கடைந்தார்.
பொன் சுருள்கள் அவர் செருப்பில் விழுந்தன.
பில் கேட்டேன்.
தேடி எடுத்த ஐஸ் கம்பனி பில்லின் முதுகில்
'புஷ் 8, ரூபா 9,600' என்று எழுதித் தந்தார்.

அந்தக் காரில் அது பூச்சியம் தசம் மூன்று வீதம்.
முப்பதைத் தாண்டிவிட்டோம்!
சமிந்த எல்லோருக்கும் பிளேன்ரீ வாங்கினார்.

அதிகாரி வந்தார்.
பில்லைப் பார்த்தார்.
'உற்பத்தியாளர் பதிவிலக்கம்?'
யாரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது.
என்ன நினைத்தேனோ,
எட்டிப் பில்லைப் புரட்டி வைத்தேன்.
ஐஸ் கம்பனிக்குப் பதிவிலக்கம் இருந்தது.
முகவரி, தொலைபேசி, வரி எண், எல்லாம்.
அவர் என்னைப் பார்த்தார்.
வெயிலில் நின்ற பதினாறு கார்களையும் பார்த்தார்.
பிறகு மெதுவாக, எண் எண்ணாக,
பார்த்து எழுதினார்.

ஆகவே அரச பதிவேட்டின்படி
எங்கள் முதல் காரில்
பூச்சியம் தசம் மூன்று பங்கு பனிக்கட்டி.
குருநாகலில் யாரோ ஓட்டுகிறார்களாம்.
இதுவரை உருகவில்லை.

இருநூறு புஷ்ஷுக்கு ஓடர் எழுதிக்கொண்டு
மறுபடி பாலம் கடந்தேன்.
தாளில் கம்பனி முத்திரை, பணிப்பாளர் கையொப்பம்.
முனவ்வர் தலை நிமிரவில்லை;
லேத்தில் ஏதோ சுழன்றுகொண்டிருந்தது.
'அந்த ஆணியில குத்திட்டுப் போங்க தங்கச்சி.
ஒங்களுக்கு முன்னால
நாலு வள்ளம் நிக்கிது.'